விட்டு விட்டு அடிக்கும் நெஞ்சு: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

சென்ற இதழில் ரத்த அழுத்த மாத்திரைகளைப் பற்றி எழுதியபோது, எனக்கும் 20 ஆண்டுகளாக இதயத் துடிப்பு நடுநடுவே தப்புவதுண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. இத்தனை பேர் இதை யாரிடமும் சொல்லாமல் தனியே சுமந்துகொண்டிருந்தீர்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகவே இந்த இதழ் முழுவதும் அதற்குத்தான். நான் காரைக்குடியில் 34 ஆண்டுகள் பொது மருத்துவம் பார்த்தவள், இதய நிபுணர் அல்ல. நிபுணரிடம் போயே ஆகவேண்டிய இடம் எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 38. இரவில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் ஒரு கணம் நின்றுவிடுகிறது. பிறகு யாரோ உள்ளேயிருந்து குத்துவதுபோல் 'தொம்' என்று ஒரு அடி. ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் நன்றாக இருக்கின்றன என்கிறார்கள். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். போனில் சொன்னால் 'எல்லாம் மனசுதான்' என்கிறார். ஒருநாள் நின்ற இதயம் திரும்ப அடிக்காமலே போய்விட்டால் என் இரண்டு பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?
(வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்று. இது மனசு இல்லை. நீங்கள் உணர்வது உண்மையாகவே உங்கள் நெஞ்சில் நடக்கிறது. ஆனால் நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது வேறு, அங்கே நடப்பது வேறு.

உங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் கிணறு இருக்கும். வாளியை இறக்கி, அது நிறைந்ததும் இழுப்போம். ஒருமுறை அவசரப்பட்டு, வாளி பாதி நிறைவதற்குள் இழுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே வருவது அரை வாளி. கைக்குப் பாரமே தெரியாது. அடுத்த முறை சற்று நிதானித்து இறக்குகிறோம். அந்த வாளி விளிம்பு தளும்ப நிறைந்து, கையை இழுக்கும் கனத்தோடு வருகிறது. இதயத்திலும் இதேதான். எங்கோ ஒரு மூலையிலிருந்து ஒரு துடிப்பு தன் முறைக்கு முன்னதாகவே வந்துவிடுகிறது. அதற்குள் இதயத்தில் போதிய ரத்தம் நிறைந்திருக்காது. அதனால் அந்தத் துடிப்பு பல நேரம் மணிக்கட்டு நாடிக்கு எட்டுவதில்லை. பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிட அதிகமாக நிறைகிறது. அடுத்த துடிப்பு அந்த அதிக ரத்தத்தையும் சேர்த்துத் தள்ளுவதால்தான் உங்களுக்கு அந்தத் 'தொம்'. துடிப்பு விட்டுப்போகவில்லை, முந்திக்கொண்டது. மருத்துவர்கள் இதை 'எக்டோபிக்' என்றோ 'எக்ஸ்ட்ரா பீட்' என்றோ சொல்வார்கள். இடப்பக்கம் படுக்கும்போது இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வருகிறது. இரவில் வேறு சத்தமும் இல்லை. ஆகவே பகலில் தெரியாதது அப்போது தெரிகிறது.

எனக்கு முதன்முதலில் இது வந்தது 41 வயதில். ஒரு கல்யாண வீட்டில் முகப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு நடுவில் அறுந்தது. மருத்துவம் படித்த எனக்கே உள்ளங்கை வியர்த்தது. அன்று இரவு முழுவதும் கழுத்து நாடியில் விரலை வைத்தபடி கிடந்தேன். அதை மட்டும் நீங்கள் செய்யவேண்டாம். எண்ண எண்ணப் பயம் கூடும். பயம் கூடினால் உடலில் அட்ரினலின் கூடும். அது கூடினால் இந்தத் துடிப்புகளும் கூடும். அந்த வட்டத்திலிருந்து வெளியே வர எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

ஒரு நாளைக்கு இதயம் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதில் ஐந்நூறு முந்திக்கொண்டவை என்றால் நூற்றுக்கு அரை. இதயத் தசையும் வால்வுகளும் எக்கோவில் நன்றாக இருக்கும்போது இந்த அளவு ஆபத்தில்லை. நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால், அதாவது நாளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் போனால், இதயத் தசை காலப்போக்கில் தளர வாய்ப்பிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் நிபுணரின் பார்வையில் இருக்கவேண்டும். மாத்திரை உண்டு, தேவைப்பட்டால் அந்த மூலையைச் சூடுவைத்து அடக்கும் சிகிச்சையும் உண்டு. உங்கள் கணக்கு எவ்வளவு என்று அறிய 24 மணி நேர ஹோல்டர் பதிவு (உடலில் மாட்டிய சிறு கருவி நாள் முழுவதும் துடிப்பைப் பதிவது) ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை. உங்கள் வயதுப் பெண்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்த காரணங்கள் ரத்தசோகையும் தூக்கமின்மையும்தான். கணவரின் போனுக்காக நள்ளிரவு வரை விழித்திருப்பது, காலை ஐந்து மணிக்கு எழுவது, அதை ஈடுகட்ட நாலு டம்ளர் கெட்டிக் காபி என்று உங்கள் நாளும் போகிறதா? சளிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளில் மூக்கடைப்பை நீக்கும் மருந்து கலந்திருந்தால் அதுவும் இதைத் தூண்டும்.

அந்த 'தொம்' வந்தால் எழுந்து உட்காருங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். வலப்பக்கம் திரும்பிப் படுங்கள். ஆனால் மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, வேலை செய்யும்போது இது கூடினாலோ, குடும்பத்தில் இளம் வயதிலேயே யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ, நான் மேலே சொன்ன ஆறுதல் எதையும் எடுத்துக்கொள்ளாமல் உடனே இதய மருத்துவரிடம் போகவேண்டும். இந்தப் பக்கத்தை உங்கள் கணவருக்கு அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு 74 வயது. ஆறு மாதத்தில் மூன்று முறை விழுந்துவிட்டார்கள். கேட்டால் 'கால் தடுக்கிவிட்டது', 'தரையில் ஈரம்' என்கிறார்கள். ஈ.சி.ஜி. எடுத்தோம், ஒன்றும் இல்லை. நான் சென்னையில் இருக்கிறேன். ஊரில் ஆத்தா தனியாக. என்ன செய்வது?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். காரணம், இதே சொற்களை எங்கள் ஆத்தாவும் சொன்னார்கள். இந்தப் பதில் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012-இல் ஆத்தாவுக்கு 71 வயது. தைப்பொங்கல் முடிந்த வாரம் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், விழுந்தார்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் தண்ணீர் சிந்தியிருந்தது என்றார்கள். சித்திரையில் மறுபடி, அடுப்படிப் படியில். புடவை தடுக்கியதாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? வழுக்காத பாய் வாங்கி வளவைச் சுற்றி விரித்தேன். சுவரில் கைப்பிடி அடித்தேன். ஊராரின் தாய்மாருக்கெல்லாம் நாடி பிடித்துப் பார்க்கிற நான், என் தாயின் நாடியில் ஒரு முழு நிமிடம் கை வைக்கவில்லை. மூன்றாவது முறை ஆத்தா பட்டாசாலையில் தரையில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். முகம் குப்புற விழுந்து மேலுதடு கிழிந்தது. வீட்டில் வேலை பார்த்த பெண் என்னிடம் சொன்னாள்: 'ஆச்சி வழுக்கி விழவில்லை அம்மா. உட்கார்ந்திருக்கும்போதே முகம் வெளுத்தது, அப்படியே சாய்ந்துவிட்டார்கள்.' உட்கார்ந்திருப்பவருக்குக் கால் எப்படி வழுக்கும்?

அந்தப் பெண் சொன்ன வாக்கியம்தான் நோயைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு எந்த முதியவர் விழுந்தாலும் நான் மூன்று கேள்விகள் கேட்கத் தொடங்கினேன், நீங்களும் கேளுங்கள். விழும்போது கையை ஊன்றினார்களா? தடுக்கி விழுகிறவரின் கை தானாக முன்னே நீளும். அடி மணிக்கட்டிலும் முழங்காலிலும் படும். நினைவு தப்பி விழுகிறவருக்குக் கை நீளாது, அடி முகத்தில் படும். இரண்டாவது, தரையில் விழுந்த அந்தக் கணம் அவர்களுக்கு நினைவிருக்கிறதா, இல்லை, விழுந்து கிடந்ததுதான் நினைவிருக்கிறதா? மூன்றாவது, பார்த்தவர்கள் யாராவது உண்டா? பக்கத்து வீட்டாரையும் பால்காரரையும்கூடக் கேளுங்கள். ஆத்தாவிடம் மட்டும் கேட்டால் 'ஒன்றும் இல்லையப்பா' என்றுதான் பதில் வரும். பிள்ளை வேலையை விட்டுவிட்டு ஓடிவருவானே என்ற கவலை. தன்னை ஊரைவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். அவர்கள் பொய் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல பேருக்கு உண்மையிலேயே அந்தக் கணம் நினைவிருப்பதில்லை. இடைவெளியை மனம் ஒரு காரணத்தை வைத்து நிரப்பிக்கொள்கிறது.

இனி ஈ.சி.ஜி. அந்தத் தாளில் பதிவாவது பத்து விநாடி. ஒரு நாளில் 86,400 விநாடிகள் இருக்கின்றன. அந்தப் பத்து விநாடியில் இதயம் ஒழுங்காக நடந்தது என்பதைத்தான் அந்தத் தாள் சொல்கிறது. எங்கள் ஆத்தாவுக்கு ஈ.சி.ஜி. சரியாக இருந்தது, 24 மணி நேரப் பதிவும் சரியாக இருந்தது. மதுரையில் ஒரு இதய மருத்துவர், பொறுமையுள்ளவர், 'விட்டுவிடக் கூடாது, ஒரு வாரப் பதிவு எடுப்போம்' என்றார். ஐந்தாம் நாள் காலை 10 மணி 40 நிமிடத்துக்குப் பதிவில் ஒரு வெற்றுக்கோடு. 5.8 விநாடி. நாங்கள் கொடுத்திருந்த நோட்டில் ஆத்தா தன் கையால் அதே நேரத்துக்கு எழுதியிருந்தார்கள்: 'கண் இருட்டியது. தூணைப் பிடித்துக்கொண்டேன்.'

இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு திசுக்கட்டு இருக்கிறது. துடிப்புக்கான மின்தூண்டுதல் அங்கேதான் பிறக்கிறது. 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் அதைக் கண்டறிந்து எழுதினார்கள். வயதாக ஆக அந்தத் திசு நார்பாய்ந்து தளரலாம். அது தூண்ட மறக்கும் நேரம்தான் இந்த நிறுத்தம். அதற்காகத்தான் ஆத்தாவுக்கு அந்த ஆண்டே பேஸ்மேக்கர், அதாவது துடிப்பைத் தூண்டும் பேட்டரிக் கருவி, வைத்தோம். சிலருக்குத் தூண்டுதல் சரியாகப் பிறந்தும், கீழறைக்குப் போகும் வழியில் அடைபட்டுவிடும். அது இன்னும் கவலைக்குரியது. மூளைக்கு ரத்தம் நின்றால் ஏழெட்டு விநாடியில் நினைவு போய்விடும். முன்னே சொன்ன கானாடுகாத்தான் தங்கச்சிக்கு வருவது ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும் இடைவெளி. இது அதுவல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நம் ஊரில் நடக்கிறது. அஞ்ச வேண்டாதவர் தூக்கமின்றிக் கிடக்கிறார். அஞ்ச வேண்டியவர் தரை ஈரம் என்கிறார்.

ஒன்று மறக்காதீர்கள். அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்து, ஆத்தாவின் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அனைத்தும் என்றால் கண் சொட்டு மருந்தும்தான். கண்ணழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு, கண்ணிலிருந்து மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அடினலால், மெட்டோபுரலால், டில்டியாசெம் போன்றவையும் துடிப்பைக் குறைப்பவை. கண் மருத்துவர் ஒன்று, பொது மருத்துவர் ஒன்று எழுத, இரண்டும் சேர்ந்து ஒரு அம்மையாரின் நாடியை 36-க்கு இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன். சொட்டு மருந்தை மாற்றியதும் நாடி 64-க்குத் திரும்பியது. கருவி வைக்கத் தேவையே வரவில்லை. ஆனால் நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து.

அதுவரை ஆத்தா தனியாகக் குளிக்கப் போகும்போது கதவைத் தாழிட வேண்டாம். ஊருணிப் படியில் தனியாக இறங்க வேண்டாம். பதிவு ஒன்றும் காட்டவில்லை என்றால் இன்னும் நீண்ட பதிவு கேளுங்கள். மறுபடி நினைவு தப்பினால் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஹோல்டர் பரிசோதனையில் இரவு 3 மணிக்கு 2.9 விநாடி நிறுத்தம் என்று வந்திருக்கிறது. வயது 55. எனக்கு மயக்கமோ தலைசுற்றலோ இல்லை. ஒரு இடத்தில் பேஸ்மேக்கர் வைக்கவேண்டியிருக்கும் என்று பயமுறுத்திவிட்டார்கள். கூடவே ஒரு விஷயம்: நான் குறட்டை விடுவதால் மனைவி வேறு அறையில் படுக்கிறார்.
(வாசகர், கோட்டையூர்)

பதில்: அண்ணன், 'கூடவே ஒரு விஷயம்' என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் பதில் இருக்கிறது.

தூங்கும்போது இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் ஆட்சி கூடும், துடிப்பு இறங்கும், திடகாத்திரமானவர்களுக்கும் இரண்டு இரண்டரை விநாடி இடைவெளிகள் வரும். குறட்டையோடு மூச்சும் நின்று நின்று வருபவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் நீளும். உங்கள் மனைவியை ஒரே ஒரு இரவு பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். குறட்டை திடீரென்று நின்று, பத்துப் பதினைந்து விநாடி மௌனம், பிறகு திணறலோடு ஒரு பெரிய மூச்சு என்றால், முதலில் தூக்கப் பரிசோதனை. எடையைக் குறைப்பதும், இரவில் மூச்சுக்குழாயைத் திறந்துவைக்கும் சிபாப் கருவியும் பலருக்கு இந்த நிறுத்தங்களை மறையச் செய்துவிடும்.

விநாடிக் கணக்கை மட்டும் வைத்து யாருக்கும் பேஸ்மேக்கர் வைப்பதில்லை. அந்த நிறுத்தத்தின்போது ஆளுக்கு என்ன ஆயிற்று, விழித்திருந்தாரா தூங்கினாரா, கோளாறு தூண்டுதல் பிறக்கும் இடத்திலா கடக்கும் வழியிலா என்ற மூன்றும் சேர்ந்துதான் முடிவு. உங்கள் பதிவுத் தாளை எடுத்துக்கொண்டு வேறொரு இதய மருத்துவரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டாவது கருத்துக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கேள்வி: 12 வருடமாகக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறேன். இந்த வருடம் துடிப்பு தப்புவதாகத் தெரிகிறது. வீட்டில் போகக்கூடாது என்கிறார்கள். காவடி நேர்ந்திருக்கிறேன் ஆச்சி. வயது 47.
(வாசகர், பள்ளத்தூர்)

பதில்: உங்கள் நேர்த்தியை நான் சிறிதாக நினைக்கவில்லை. எங்கள் ஐயா நடந்த பாதை அது. தைப்பூசத்துக்கு முன் அந்தக் கூட்டம் சிங்கம்புணரி, நத்தம் என்று நகர்வதைச் சிறுமியாக வண்டியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆகவே 'போகாதீர்கள்' என்று ஒரு சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பரிசோதனை இல்லாமல் அனுப்பவும் மாட்டேன்.

நாளைக் காலை வேகமாக இருபது நிமிடம் நடந்து பாருங்கள். நடக்க நடக்கத் தப்பும் துடிப்புகள் மறைந்து, உட்கார்ந்ததும் மீண்டும் வந்தால் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. நடக்கும்போதுதான் அவை கூடுகின்றன, நெஞ்சு அழுத்துகிறது, தலை கிறுகிறுக்கிறது என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். இந்த ஆண்டு யாத்திரையைப் பற்றிப் பிறகு பேசலாம். எப்படியிருந்தாலும் ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் மூன்றும் மார்கழிக்குள் முடித்துவிடுங்கள். 47 வயது, ஆண், நடைக்கு வெளியே நாற்காலி வேலை என்றால் இதய ரத்தக் குழாய்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

சரி என்று வந்தால், வழியில் கவனிக்கவேண்டியது தண்ணீரும் உப்பும். வியர்வையோடு பொட்டாசியமும் மெக்னீசியமும் போகின்றன. அவை குறைந்தால் துடிப்பு முந்திக்கொள்ளும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போகாமல் உப்புப் போட்ட மோர், இளநீர், வாழைப்பழம், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை அப்படியே பின்பற்றக் கூடாது, இளநீரும் வாழைப்பழமும் அவர்களுக்கு ஆகாது.) நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் யாத்திரை நாள்களுக்கு அளவை எப்படி வைப்பது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விரதம் இருக்கிறேன் என்று மாத்திரையை விடவேண்டாம். கூட்டத்தின் கடைசியில் தனியாக நடக்காமல், உங்கள் நிலை தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கண் இருட்டினால் கூச்சப்படாமல் சாலையோரம் படுத்துக் காலை உயர்த்துங்கள். மீதித் தூரத்துக்கு வண்டியில் ஏறிவிடுங்கள். முருகன் கோபிக்கமாட்டான்.

கேள்வி: எனக்கு நாடி விட்டு விட்டு அல்ல, தாறுமாறாகவே ஓடுகிறது. ஒரு தாளமும் இல்லை. வயது 68, சர்க்கரை உண்டு.
(வாசகி, புதுவயல்)

பதில்: இந்த இதழ் கையில் கிடைத்த வாரத்திலேயே ஈ.சி.ஜி. எடுங்கள் அக்கா, தள்ளிப்போட வேண்டாம். முழுக்க ஒழுங்கற்ற நாடி என்றால் இதயத்தின் மேலறை நடுங்கிக்கொண்டிருக்கலாம். அதற்குள் ரத்தம் தேங்கி உறைந்து, உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். உங்கள் வயதும் சர்க்கரையும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து பெரும்பாலானோரைக் காப்பாற்றுகிறது. வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் ஒரு நிமிடமும் காத்திராமல் 108.

கேள்வி: மருதம்பட்டைக் கஷாயம் குடித்தால் துடிப்பு சரியாகும் என்கிறார்கள். குடிக்கலாமா?
(வாசகர், கண்டனூர்)

பதில்: நம் மரபில் நெடுங்காலமாக இருக்கும் பட்டை அது, அதன்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நின்று நின்று அடிக்கும் இதயத்தை அது சரிசெய்யும் என்று நம்பி மற்ற சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டாம். இதயத்துக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவர் என்றால், கஷாயத்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு மிடறும் வேண்டாம்.

கேள்வி: நான் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுவதும் பேட்டரிகளோடு இருந்தேன். இப்போது என் நெஞ்சிலேயே ஒன்றை வைக்கப்போகிறார்கள். அது எத்தனை வருடம் வரும், வீட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?
(வாசகர், காரைக்குடி)

பதில்: ஐயா, 1953-இல் நம் ஊரில் அந்த ஆய்வகம் திறந்தபோது, உடலுக்குள் முழுவதுமாக வைக்கும் பேஸ்மேக்கர் உலகத்தில் எங்குமே இல்லை. முதல் கருவி 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. ருனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியாளர் செய்தார், ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர் பொருத்தினார். லார்சனின் மனைவி விடாமல் போய்க் கேட்டதால்தான் அந்தக் கருவியே உருவாயிற்று. கணவர் ஒரு நாளில் பலமுறை நினைவு தப்பிக்கொண்டிருந்தார். முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. ஆனால் அவர் அதற்குப்பின் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். இறந்ததும் இதயத்தால் அல்ல. பாதரச பேட்டரிகள் இரண்டு ஆண்டில் தீர்ந்துகொண்டிருந்த காலத்தில், 1970-களில் வந்த லித்தியம் அயோடைடு பேட்டரிதான் இந்தக் கதையை மாற்றியது. உங்கள் துறையின் வேலை அது. இன்று எட்டிலிருந்து பன்னிரண்டு ஆண்டு வரை வருகிறது. எங்கள் ஆத்தாவுக்கு ஒன்பது ஆண்டு வந்தது, 2021-இல் மாற்றினோம். பேட்டரியை மட்டும் தனியே கழற்ற முடியாது. பெட்டியையே மாற்றுவார்கள், அதிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர் நன்றாக இருந்தால் பழையதே இருக்கும். பேட்டரி முடிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பரிசோதனையில் தெரிந்துவிடும் என்பதால் சோதனைக்குப் போவதைத் தவறவிடாதீர்கள்.

வைத்த முதல் நாலு முதல் ஆறு வாரம் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்கவேண்டாம். ஒயர் இதயச் சுவரில் ஊன்றிக்கொள்ளவேண்டும். அதற்காகக் கையை அசைக்காமலே கட்டிவைத்துக்கொள்ளவும் கூடாது, தோள் இறுகிவிடும். எங்கள் ஆத்தா பயந்து அப்படித்தான் செய்தார்கள். தோளைத் திருப்பிப் பழையபடி கொண்டுவர இரண்டு மாதம் பிடித்தது.

மிக்ஸி, கிரைண்டர், டிவி, ஃபேன் எதற்கும் பயம் இல்லை. மொபைலைக் கருவி இருக்கும் பக்கத்துச் சட்டைப் பையில் வைக்காதீர்கள், 15 செ.மீ. தள்ளியிருக்கட்டும், எதிர்ப்பக்கக் காதில் பேசுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். வெல்டிங் பட்டறைக்குள் போகவேண்டாம். கோயில் வாசலிலும் விமான நிலையத்திலும் உள்ள உலோகச் சோதனை வளைவை நிற்காமல் கடந்துவிடலாம். கருவியோடு தரும் அடையாள அட்டையைக் காட்டினால் கையால் சோதிப்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் கருவி அதற்கு ஏற்றதா என்று அட்டையைக் காட்டிக் கேளுங்கள். வைப்பதற்கு முன்பே ஏற்ற கருவியாகக் கேட்பது இன்னும் நல்லது. செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்பச்சிக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது, வயது 88, படுத்த படுக்கை. காலமானால் அந்தக் கருவியை என்ன செய்யவேண்டும்? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: கூச்சம் வேண்டாம். இதை முன்கூட்டியே கேட்பவர்கள் குறைவு. அதனால் கடைசி நேரத்தில் வீடு தவிக்கிறது.

தகனம் என்றால் கருவியை அவசியம் எடுத்துவிடவேண்டும். சூட்டில் அந்த பேட்டரி வெடிக்கும். தகன மேடைக்கும், அருகில் நிற்பவர்களுக்கும் ஆபத்து. புதைப்பது என்றால் அந்த அபாயம் இல்லை. எடுப்பது சில நிமிட வேலை. காறை எலும்புக்குக் கீழே தோலில் ஒரு சிறு கீறல் போட்டு, ஒயரைத் துண்டித்து, தையல் போட்டுவிடுவார்கள். வெளியே தெரியாது. மருத்துவமனையில் இறந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள். வீட்டில் என்றால் வந்து எடுத்துத்தர ஒரு மருத்துவரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகக் கத்தி வைக்கக் கூடாது. இன்னொன்றும் சொல்கிறேன், பலர் மனதில் இருப்பது: பேஸ்மேக்கர் உயிர் பிரிவதைத் தடுக்காது, வேதனையை நீட்டிக்காது. இதயத் தசை ஓய்ந்துவிட்டால் தூண்டுதல் வந்தாலும் அது சுருங்குவதில்லை.

எங்கள் ஆத்தா 2024 ஆவணியில், 83-ஆம் வயதில், விடியற்காலை போனார்கள். விரலில் நாடி இல்லை. ஈ.சி.ஜி. திரையில் மட்டும் கருவியின் சிறுகோடுகள் நிமிடத்துக்கு அறுபது என்று வந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்து என் தம்பி, 'இன்னும் அடிக்கிறதே அக்கா' என்று என் கையைப் பிடித்தான். அது கருவி மட்டும்தான் என்று அவனுக்குச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. உங்கள் வீட்டில் யாருக்கும் அந்தக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உடன்பிறந்தவர்கள் எல்லாரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். அப்பச்சியின் கருவி அட்டையை அலமாரிக்குள் பூட்டாமல், கட்டிலுக்குப் பக்கத்தில், மாத்திரை டப்பாவோடு வையுங்கள்.